அடிக்கிற நேரத்துல இறுகுற கை: ஹட்டன்ல ஒரு பூல் பொடியனோட பிடிய திருத்தப் போன கதை (நிகழ்வு ஆய்வு)

எங்க பூல் ரூம்ல (டேபிள்ல ஸ்டிக்கால பந்தடிக்கிற பூல்) ஆறு மாசமா ஓடுன ஒரு விஷயத்த எழுதி வைக்கிறேன். விளையாடுன பையன் பேரு போடல, அவனே போட வேணாம்னுட்டான். எழுதுறதுக்கு காரணம், நான் குடுத்த மொத அறிவுரையே தப்பா போச்சு, அதுவும் எல்லாரும் சொல்ற அறிவுரைதான், ஸ்டிக் பிடிய லூசாக்குன்னு. இன்னும் எத்தன பேரு அதயே சொல்லிக்கிட்டு இருக்காங்களோ.

பின்னணி

ரூம் இலங்கை மலையகத்துல ஹட்டன் டவுன்ல ஒரு கடைக்கு மேல்மாடி. ரெண்டு எட்டடி டேபிள், ஜன்னலோரம் ஒரு பெஞ்சி, மேல ஒரு ஃபேன் (இந்த குளிர்ல ஃபேன் எதுக்குன்னு கேக்காதீங்க, ரூம போட்ட ஆளு கொழும்புக்காரர்). நான் சாயந்தரம் அங்க இருப்பேன், புதுசா வர்ற பொடியன்களுக்கு நிக்கிறது, குனியிறது, டேபிள்ல கைய ஊனி ஸ்டிக்க தாங்குற பிரிட்ஜ் வைக்கிறதுன்னு சொல்லிக் குடுப்பேன். கோச்சுன்னு சர்டிஃபிகேட் ஒன்னும் கெடயாது, இருபது வருஷமா விளையாடுறேன், அவ்வளவுதான்.

பையனுக்கு 24 வயசு. டவுன்ல இருந்து பஸ்ல அரை மணித்தியாலம் போனா வர்ற தோட்டத்துல கவ்வாத்து வேல, அதாவது தேயில செடிய கத்தியால வெட்டி விடுறது. காலைல பிரட்டுக்கு (வேலைக்கு பேர் பதியிற எடம்) போயி மலையில கத்தி புடிச்சி வெட்டிட்டு, குளிச்சிட்டு, சாயந்தரம் பஸ் ஏறி வருவான். மூனு வருஷமா விளையாடுறான், வலது கை, ரூம் ஸ்டிக்குல ஒன்ன தனக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தான், 20 அவுன்ஸ், பந்துல படுற நுனில 13 மில்லிமீட்டர் டிப். கண்ணு ரொம்ப நல்ல கண்ணு. எந்த பந்து எங்க போகும்னு என்ன விட வேகமா சொல்லுவான், ஆனா அடிச்சா அது போகாது, அதுதான் வயித்தெரிச்சல்.

இன்னொரு ஆளையும் சொல்லணும். எங்க அம்மாவோட தம்பி, மாமா. வெள்ளக்கார துரைமாரு காலத்துல ஆரம்பிச்ச ஒரு பழைய கிளப்புல மார்க்கரா வேல செஞ்சவரு, டேபிள் தொடைக்கிறது, ஸ்கோர் போடுறது, விளையாட ஆளில்லாதப்ப துரைமாரோட எதிர் நின்னு ஆடுறதுன்னு முப்பது வருஷத்த அங்கயே ஓட்டிட்டாரு. 1973ல பம்பாய்ல உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் எடுத்தாரே நம்ம நாட்டு எம். ஜே. எம். லாஃபிர், அவர்னா மாமாவுக்கு உயிரு, எந்த பேச்சு எடுத்தாலும் அங்கதான் போயி நிப்பாரு. இந்த விஷயத்துல அவரு சொன்னது பாதி உதவுச்சு, பாதி கெடுத்துச்சு, ரெண்டையும் எழுதுறேன்.

மொதல்ல கண்ணுல பட்டது

ஜூன் மாசம். எங்க பக்கம் தென்மேற்கு மழ காலம், நாள் பூரா மூடுபனி, ஜன்னல தொறந்தா பனி உள்ளுக்கு வந்து டேபிள் துணி ஈரமாயிரும். ஈர துணியில பந்து ஓடாது, ஓடாததால எல்லாரும் கொஞ்சம் பலமா அடிப்போம். பையனுக்கு பிரச்சன பெரிசா தெரிய ஆரம்பிச்சதும் அப்பதான்.

மெதுவா அடிச்சா போடுறான். நடுத்தர வேகத்துக்கு மேல போனா நேரா இருக்கிற பந்து கூட பாக்கெட்டோட இடது உதட்டுல பட்டு வெளிய வருது. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, எப்பவும் இடது பக்கம்தான். ஒரே பக்கம் பிசகுறது ஒரு வகையில நல்ல செய்தி, கண்டபடி பிசகுனாதான் கண்டுபுடிக்கிறது கஷ்டம்.

மூனு சோதன செஞ்சோம்.

வெள்ள பந்த கீழ் குஷன் (டேபிள் ஓரத்து ரப்பர்) பக்கம் நடுவுல வச்சி, நேரா எதிர் குஷனுக்கு அடிச்சி திரும்பி வர விடுறது. சுத்தமா நடுவுல அடிச்சா வந்த வழியே வந்து டிப்புல மோதணும். அவன் 20 தடவ அடிச்சதுல 5தான் டிப்புக்கு பக்கத்துல வந்துச்சு, மிச்சம் எல்லாம் வலது பக்கம் விலகி வந்துச்சு. குஷன்ல பட்டு வலது பக்கம் வெலகுதுன்னா பந்துல வலது சைட், அதாவது வலது பக்க சுழல், ஏறிருக்கு.

அடுத்தது கோடு போட்ட பந்து. 9ஆம் நம்பர் பந்த எடுத்து கோட்ட செங்குத்தா நிப்பாட்டி, அதயே வெள்ள பந்து மாதிரி அடிக்க சொன்னேன். நடுவுல பட்டா கோடு சக்கரம் மாதிரி நேரா உருளும். இவனுக்கு குடிச்சவன் நடக்குற மாதிரி ஆடிக்கிட்டே போச்சு.

மூனாவதா, டிப்புல நல்லா சாக் (டிப் வழுக்காம இருக்க தேய்க்கிற நீல கட்டி) தேச்சிட்டு, தொடைச்ச வெள்ள பந்த அடிச்சி, உடனே கையில எடுத்து பாத்தோம். நீல புள்ளி நடுவுல இருந்து வலது பக்கம் மூனு மில்லிமீட்டர் தள்ளி இருந்துச்சு. 57 மில்லிமீட்டர் பந்துல மூனு மில்லிமீட்டர் என்னத்த செய்யும்னு நெனச்சா அதான் தப்பு. டிப் வலது பக்கம் போகுதுன்னா பிரிட்ஜ் கைய அச்சா வச்சி ஸ்டிக்கே திரும்புது, அதனால வெள்ள பந்து கோட்ட விட்டு கொஞ்சம் வலது பக்கமா போயி எதிர் பந்தோட வலது பக்கத்துல படுது, எதிர் பந்து இடது பக்கம் போகுது. அதுக்கு மேல வலது சைட் சுத்துனா உரசுற நேரத்துல எதிர் பந்த இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிவிடும். ரெண்டு தப்பும் ஒரே பக்கம் சேருது. சைட் அடிச்சா வெள்ள பந்து எதிர் பக்கம் கொஞ்சம் விலகும், அது இவனுக்கு சாதகமாத்தான் வேல செஞ்சிருக்கும், ஆனா அவ்வளவையும் சரிக்கட்ட அதால ஏலாது.

குனிஞ்சி குறி பாக்குறப்ப டிப் சரியா நடுவுலதான் நிக்குது. அப்ப தப்பு ஓடுற ஓட்டத்துல நடக்குது. பின்னங்கைய பாத்தேன், முஷ்டிய மடக்கி புடிச்சிருக்கான், விரல் மொளி எல்லாம் வெள்ளையா தெரியுது. கண்டுபுடிச்சிட்டேன்னு நெனச்சேன்.

லூசா பிடின்னு சொன்னது, அது போன போக்கு

"தம்பி, கொரங்கு கெளைய புடிக்கிற மாதிரி புடிக்காத, குருவிய புடிக்கிற மாதிரி புடி"ன்னு சொன்னேன். பத்துக்கு ஒன்னு ரெண்டுதான் பலம் இருக்கணும், ஸ்டிக் விரல்ல தொங்கணும்னு காட்டிக் குடுத்தேன். அவனும் சொன்னபடி கேட்டான், கேக்குற பிள்ளதான்.

ரெண்டு வாரம் கழிச்சி அதே 20 அடி. 3.

சரி, புது பழக்கம், கொஞ்ச நாள் கெட்டுத்தான் சரியாகும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். இன்னும் லூசாக்கு இன்னும் லூசாக்குன்னு போட்டு நெருக்குனேன். அவன் முகம் சுருங்கிருச்சு, முந்தி போட்ட மெதுவான பந்துகூட இப்ப தப்புது. ஒரு நாள் "அண்ணே, ஸ்டிக் கையில இருந்து நழுவி போயிருமோன்னு இருக்கு"ன்னான். அந்த வார்த்தைய நான் அப்பவே புடிச்சிருக்கணும். புடிக்கல.

இந்த எடத்துல மாமா வந்தாரு. அவரு பாத்துட்டு, "மணிக்கட்டு கட்ட மாதிரி இருக்கு, கடைசில ஒரு சுண்டு சுண்டு, சாட்ட சொடுக்குற மாதிரி"ன்னாரு. பையனுக்கு அது புடிச்சி போச்சு, சுண்டுனா சத்தம் நல்லா வருது, ஸ்க்ரூ அடிச்சா பந்து சர்ருன்னு பின்னால வருது, ஒரு சாயந்தரம் பூரா அதயே அடிச்சிக்கிட்டு இருந்தாங்க ரெண்டு பேரும். ஆனா பத்துக்கு ஒன்னு அப்படி வருதுன்னா ஒம்போது எங்கயோ போகுது. சாக் புள்ளி இப்ப வலது பக்கம் மட்டுமில்ல, மேல கீழன்னு எல்லா பக்கமும் அலைய ஆரம்பிச்சிருச்சு.

பாண் சோதன

ஸ்டிக்க எவ்வளவு அழுத்தி புடிக்கிறான்னு அளக்க ஒரு வழி வேணும்னு நெனச்சி, பக்கத்து பேக்கரில ஒரு ரோஸ் பாண் வாங்கி, உள்ள இருக்கிற மெத்துன்னு பகுதிய மட்டும் ஒரு துண்டு எடுத்து ஸ்டிக்கோட பின் பக்கம் சுத்தி, அதுக்கு மேல கைய வச்சி அடிக்க சொன்னேன். கேக்க சிரிப்பாத்தான் இருக்கும், ரூம்ல இருந்தவங்களும் சிரிச்சாங்க, ஒருத்தன் சம்பல் கேட்டான்.

குறி பாத்து, ஸ்டிக்க முன்னால பின்னால மூனு நாலு தடவ ஓட்டி பாத்துட்டு அடிக்காம நிப்பாட்ட சொன்னேன். பாண்ல விரல் பதிஞ்ச தடமே இல்ல, சும்மா லேசா. புது துண்டு சுத்தி இந்த தடவ அடிக்க சொன்னேன். எடுத்து பாத்தா பாண் தகடு மாதிரி நசுங்கி கெடக்கு, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த எடத்துல ஸ்டிக்கோட மரமே தெரியிது.

அப்ப லூசா புடிக்க சொன்ன கை லூசாத்தான் இருந்திருக்கு, அடிக்கிற ஓட்டத்துல எங்கயோ இறுகிருக்கு. எங்க, எந்த நேரத்துல, பந்து பட்டதுக்கு முன்னாடியா பின்னாடியா? பாண் அத சொல்லாது. பின்னாடி இறுகுனா ஒரு பாதிப்பும் கெடயாது, டிப்பும் பந்தும் தொட்டுக்கிட்டு இருக்கிறதே ஆயிரத்துல ஒரு செகண்ட் அளவுதான், அது முடிஞ்சா பந்து போயிரும், அப்புறம் நீ ஸ்டிக்க என்ன செஞ்சாலும் பந்துக்கு தெரியாது.

போன் வீடியோ

ஒரு கூட்டாளி கிட்ட செகண்டுக்கு 240 ஃப்ரேம் எடுக்குற போன் இருந்துச்சு. ராத்திரில எடுத்தா டியூப் லைட் கண்ண சிமிட்டுற மாதிரி வெளிச்சம் ஆடுது, நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், லைட் செகண்டுக்கு 100 தடவ மின்னுறத கேமரா புடிச்சிருது. அதனால ஒரு ஞாயித்துக்கெழம பகல்ல, ஜன்னல் பக்க டேபிள்ல, லைட்ட எல்லாம் அணைச்சிட்டு எடுத்தோம். ஒரு தடவ பின்னால இருந்து, ஒரு தடவ பக்கத்துல இருந்து, போன சோடா பெட்டில சாத்தி வச்சி.

ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் நாலு மில்லிசெகண்ட் இடைவெளி, டிப் பந்த தொடுறது ஒரே ஃப்ரேம்ல தெரியும், இல்லன்னா தெரியவே தெரியாது. நமக்கு வேண்டியது அதுக்கு முந்தினது. ஒவ்வொரு ஃப்ரேமா தள்ளி பாத்தோம்.

ஸ்டிக் பின்னால போறப்ப கை நல்லா தொறந்திருக்கு, சுண்டு விரலும் மோதிர விரலும் ஸ்டிக்க விட்டு விலகி நிக்கிது, அது சரிதான், முன்னங்கை ஊஞ்சல் மாதிரி ஆடுறப்ப விரல் தொறந்து குடுத்தாத்தான் ஸ்டிக் மட்டமா இருக்கும். முன்னால வர ஆரம்பிக்கிது, அப்பவும் தொறந்துதான் இருக்கு. பந்து படுறதுக்கு பத்து பன்னெண்டு ஃப்ரேம் முன்னாடி, டிப் இன்னும் பந்த தொடாம வந்துக்கிட்டு இருக்கிறப்ப, நாலு விரலும் ஒன்னா மூடுது. மூடுற வேகத்துல விரல் மொளி உடம்பு பக்கம் திரும்புது. ஸ்டிக்கோட பின் பக்கம் இடுப்பு பக்கம் இழுபடுது, பிரிட்ஜுக்கு முன்னால இருக்கிற டிப் வலது பக்கம் போகுது. அப்பதான் பந்துல படுது.

நான் லூசா புடிக்க சொல்றதுக்கு முன்னாடி எடுத்த வீடியோ ஒன்னு அவன் போன்லயே இருந்துச்சு, யாரோ விளையாட்டுக்கு எடுத்தது, சாதா வேகம்தான். அதுல கை ஆரம்பத்துல இருந்தே இறுக்கமா இருக்கு, கடைசில இன்னும் கொஞ்சம்தான் இறுகுது. நான் செஞ்ச வேல என்னன்னா ஆரம்பத்த மட்டும் தளர்த்தி விட்டது. முடிவு மாறல. அதனால கை மூட வேண்டிய தூரம் கூடிருச்சு, திரும்புறதும் கூடிருச்சு. 5 இருந்தது 3 ஆனதுக்கு நான்தான் காரணம்.

வீடியோவ பாத்துக்கிட்டு இருக்கிறப்ப பையன் கைய நீட்டி காத்துல ஒரு வெட்டு வெட்டி காட்டுனான். "அண்ணே, இது கத்தி புடி."

கவ்வாத்து வெட்டுறவங்கள பக்கத்துல நின்னு பாத்திருந்தா தெரியும். கத்திய நாள் பூரா இறுக்கி புடிச்சா மத்தியானத்துக்குள்ள கை செத்துரும், அதனால ஓங்குறப்ப லேசா விட்டு, வாது (செடியோட கெள) மேல படுற அந்த நேரத்துல இறுக்குவாங்க, இறுக்கலன்னா கத்தி கையில திரும்பிரும், வெட்டு பிளந்துரும், தோட்டத்துல வேலைய மேற்பாக்குற கண்டக்டர் வந்து அரைப்பேரு (அரை நாள் சம்பளம்) போட்டுருவாரு. ஒரு நாளைக்கு எத்தனயோ நூறு தடவ அந்த கை பட்டவுடனே இறுகுன்னு பழகுது. சாயந்தரம் அதே கைக்கு ஸ்டிக்க குடுத்து பட்டாலும் இறுகாதன்னா அது எப்படி கேக்கும்? நான் லூசா புடிக்க சொன்னது அவன் கைக்கு கத்திய ஓங்க சொன்ன மாதிரிதான் பட்டிருக்கு.

மணிக்கட்டு பத்தி மாமாவோட நடந்த வாக்குவாதம்

மாமா வீடியோவ பாத்துட்டும் விடல. மணிக்கட்டு ஆடாம எப்படி பலம் வரும்னு கேட்டாரு. கேள்வி நியாயமானதுதான், அதனால கொஞ்சம் விளக்கமா எழுதுறேன்.

தொங்குற கையில மணிக்கட்டு மூனு விதமா அசையும். ஸ்டிக் போற திசையிலயே முன்னால பின்னால, அதாவது சுத்தியல் அடிக்கிறப்ப அசையிற மாதிரி, இது ஒன்னு. உள்ளங்கைய உள்ளுக்கு மடக்கி வெளிய விரிக்கிறது ரெண்டாவது, சாவி போட்டு திருகுற மாதிரி முன்னங்கை சுத்துறது மூனாவது. மொதல்ல சொன்னது ஸ்டிக்கோட பாதையிலயே நடக்குறதால குறிய கெடுக்காது, டிப் பந்த தொடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் வேகமும் சேத்து குடுக்கும். மத்த ரெண்டும் ஸ்டிக்க பக்கவாட்டுல தள்ளும். மாமாவுக்கு சுண்டுறப்ப மொத அசைவு மட்டும் வருது, முப்பது வருஷ கை. பையனுக்கு மூனும் கலந்து வருது.

இன்னொன்னு, மாமா நெனக்கிறது சுண்டுனா டிப் பந்துல ஒட்டி நின்னு சுழல ஏத்துதுன்னு. ஆயிரத்துல ஒரு செகண்டுல கை ஒன்னும் செய்ய ஏலாது. பந்துக்கு தெரியிறது மூனே விஷயம்தான், டிப் எந்த எடத்துல பட்டுச்சு, எந்த திசையில வந்துச்சு, என்ன வேகம். இறுக்கி புடிச்சா கையோட பாரமும் சேந்து அடிக்கும்னு சிலர் சொல்றாங்க, அதுவும் நடக்காது, கை சதை மெத்த மாதிரி, அந்த கொஞ்ச நேரத்துல அதுல இருந்து ஒன்னும் பந்துக்கு போயி சேராது. 20 அவுன்ஸ் ஸ்டிக் பந்தோட பாரத்துல மூனு மடங்குக்கு மேல, அது தானா போயி இடிச்சாலே போதும்.

மாமா கடைசில "நீ என்னமோ சொல்லு, லாஃபிர பாத்திருந்தா இப்படி பேச மாட்ட"ன்னு எழும்பி டீ குடிக்க போயிட்டாரு.

எடுத்த முடிவுகள்

ஜூலை கடைசில இருந்து வழிய மாத்துனோம். லூசுங்குற வார்த்தையையே விட்டுட்டோம். ஆரம்பத்துல என்ன பலமோ முடிவுலயும் அதே பலம், அது மட்டும்தான் இலக்கு. அதுக்காக ஆரம்ப பிடிய கொஞ்சம் கூட்டுனேன், பத்துக்கு நாலு. நழுவிருமோன்னு பயம் இருந்தா கை கடைசில கண்டிப்பா தாவி புடிக்கும், பயத்த எடுத்தாத்தான் தாவல் நிக்கும். கட்டவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூனும் ஸ்டிக்க தாங்கணும், மத்த ரெண்டு விரலும் சும்மா தொட்டுக்கிட்டு கூட வரணும்.

சோதிக்கிறதுக்கு பாணுக்கு பதிலா இழுத்து பாக்குறது. அவன் குனிஞ்சி குறி பாக்குறப்ப நான் பின்னால நின்னு ஸ்டிக்க லேசா ஒரு இழுப்பு இழுப்பேன், எவ்வளவு இறுக்கமா வருதுன்னு கைக்கு தெரியும். அடிச்சி முடிச்சி கைய அசைக்காம அப்படியே நிக்கணும், திரும்பவும் இழுப்பேன். ரெண்டு இழுப்பும் ஒரே மாதிரி இருந்தா அந்த அடி கணக்கு, பந்து விழுந்தாலும் விழாட்டியும். ரெண்டாவது இழுப்புல ஸ்டிக் வராம அவனே ஒரு அடி பின்னால வந்தா, அது விழுந்த பந்தா இருந்தாலும் கணக்கில்ல. இது அவனுக்கு ரொம்ப கோவத்த வரவச்சிச்சு, நல்லா விழுந்த பந்த கணக்குல சேக்க மாட்டேங்கிறாரேன்னு. ஆனா மொத வாரத்துலயே பந்து விழுறத பாக்குற பார்வ போயி தன் கைய கேக்குற பழக்கம் வந்துச்சு.

மணிக்கட்டு சுண்டுறத மொத்தமா நிப்பாட்டுனோம், கை செங்குத்தா தொங்கட்டும், அசைஞ்சா தானா அசையட்டும். பலம் வேணும்னா ஸ்டிக்க இன்னும் பின்னால எடுக்கணும், இறுக்கி வேகம் கூட்டக்கூடாது. அவன் பின்னால எடுக்குற தூரம் ரொம்ப கம்மி, நாலஞ்சு இஞ்சிதான், அந்த கொஞ்ச தூரத்துல பலம் வேணும்னா எவனும் இறுக்கத்தான் செய்வான். எட்டு இஞ்சி வரைக்கும் எடுக்க வச்சேன்.

கடைசியா குளிர். ஹட்டன் கடல் மட்டத்துல இருந்து 1,200 மீட்டருக்கு மேல, மழ நாள்ல சாயந்தரம் பஸ்ஸ விட்டு எறங்கி வர்றப்ப விரல் விறைச்சிருக்கும். விறைச்ச விரலுக்கு தொடுற உணர்வு கொறையும், உணர்வு கொறைஞ்சா நம்மள அறியாமலே அழுத்தி புடிப்போம். அதனால வந்தவுடனே ஒரு பிளேன்டீ, கோப்பைய ரெண்டு கையாலயும் சுத்தி புடிச்சி பத்து நிமிஷம். அப்புறம்தான் ஸ்டிக்.

அதுக்கப்புறம் நடந்தது

ஆகஸ்ட் நடுவுல 20க்கு 8. செப்டம்பர் முதல் வாரம் 11, கடைசியில 13. மழ விட்ட நாள்ல நல்லா வருது, மூடுபனி எறங்குன நாள்ல ரெண்டு மூனு கொறையும். சாக் புள்ளி ஒரு மில்லிமீட்டருக்குள்ள வந்துருச்சு, பத்துக்கு ஏழு தடவயாச்சும்.

நடுவுல பத்து நாள் நிப்பாட்ட வேண்டி வந்துச்சு, முழங்கைக்கு வெளிப்பக்கம் வலின்னான். மலையில வெட்டும் இருந்துச்சு, இங்க நான் வேற ராத்திரி எட்டு மணி வரைக்கும் அடிக்க வச்சேன். டிஸ்பென்சரில காட்டுனான், கைக்கு ஓய்வு குடுக்க சொல்லிருக்காங்க. வேலைக்கு போகாம இருக்க முடியாது, அதனால டேபிளத்தான் விட்டான். இதுல என் பக்கம் தப்பு இருக்கு, நாள் பூரா கத்தி புடிச்ச கைய கூட ரெண்டு மணித்தியாலம் வாட்டுனது.

தீபாவளி லீவுல டவுன்ல ஒரு சின்ன போட்டி, எட்டு பந்து ஆட்டம், கடைசியா கறுப்பு பந்த போட்டவன் ஜெயிப்பான். ரெண்டு ரவுண்டு ஜெயிச்சான். மூனாவதுல கடைசி கேம்ல கறுப்பு பந்து மட்டும் மிச்சம், நேர் பந்து, மூனடி தூரம். எல்லாரும் சுத்தி நின்னு பாக்குறாங்க. நான் பின்னால இருந்து அவன் கைய மட்டும்தான் பாத்தேன், மொளி வெள்ளையாச்சு, எனக்கு தெரிஞ்சி போச்சு. இடது உதட்டுல பட்டு வெளிய வந்துச்சு.

வெளிய வந்து, "நீங்க இழுத்து பாத்திருந்தா நானே பின்னால வந்திருப்பேன் அண்ணே"ன்னான். நெருக்கடி வந்தா கை தனக்கு நல்லா தெரிஞ்ச வேலைக்குத்தான் ஓடும்னு எனக்கும் தெரிஞ்சதுதான், ஆனா அதுக்கு நான் எந்த பயிற்சியும் குடுக்கல.

ஆட்டத்த ஆரம்பிக்க பந்துக்கூட்டத்த பிரிக்கிற பிரேக் அடி இன்னும் சரியாகல. அதுல வேகம் வேணும், வேகம்னா அவன் கைக்கு கத்தி ஞாபகம் வந்துருது. இப்போதைக்கு முக்கால் பலத்துல பிரேக் அடிக்கிறான், பந்து நல்லா பிரியாது, வெள்ள பந்தாச்சும் டேபிள் நடுவுல நிக்கிது.

திரும்ப செஞ்சா என்ன மாத்துவேன்

மொதல்ல வீடியோ, அப்புறம்தான் அறிவுரை. ரெண்டு வாரத்தயும் அவன் நம்பிக்கையையும் வீணாக்குனது என் அவசரம். குறி பாக்குறப்ப கைய பாத்து முடிவு பண்ணிட்டேன், தப்பு நடந்தது ஓட்டத்துல.

ஒருத்தன் பகல்ல கையால என்ன வேல செய்யிறான்னு மொத நாளே கேப்பேன். இதுக்கப்புறம் கேக்கவும் ஆரம்பிச்சிட்டேன். பேக்கரில மா பெசையிற ஒரு தம்பிக்கு இதே இறுக்கம் இல்ல, அவனுக்கு கை மொத்தமா தோள்ல இருந்து அழுத்துது, அது வேற கத. கராஜ்ல வேல செய்யிற ஒருத்தன் ஸ்பேனர் திருப்புற மாதிரி கடைசில முன்னங்கைய சுத்துறான். ரெண்டு மூனு பேர வச்சி பெரிசா ஒன்னும் சொல்ல ஏலாது, ஆனா கேக்குறதுல நட்டமில்ல.

இழுத்து பாக்குற சோதனைய ஆள் கூட்டத்துக்கு நடுவுல, பந்தயம் கட்டி, தோத்தா எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கி குடுக்கணும்னு வச்சி செஞ்சிருப்பேன். அமைதியான ரூம்ல வந்த கை கறுப்பு பந்துக்கு முன்னால வரல.

வேல நாள்ல அரை மணித்தியாலத்துக்கு மேல அடிக்க விட மாட்டேன்.

மாமா விஷயத்துல மட்டும் மாத்த ஒன்னுமில்ல, மாத்தவும் முடியாது. போன வாரமும் வந்து பையன்கிட்ட ரகசியமா சுண்ட சொல்லிக் குடுத்துட்டு போயிருக்காரு.

இந்த வாரம் பையனுக்கு புது மலையில கவ்வாத்து ஆரம்பம், வெள்ளிக்கெழம வரைக்கும் டேபிள் பக்கம் வர மாட்டேன்னு மெசேஜ் போட்டிருக்கான். சனிக்கெழம வந்தா பிளேன்டீ குடிக்க வச்சிட்டு, வேற எதையும் செய்யிறதுக்கு முன்னாடி 20 அடி அடிக்க வச்சி கொப்பில எழுதணும், கத்தி வாரத்துக்கு அப்புறம் அந்த 13ல எத்தன மிச்சம் இருக்குன்னு இதுவரைக்கும் நாங்க எண்ணி பாத்ததில்ல.